வலது காதில் சிட்டு

கேட்கிறது. இல்லை, கேட்கிற மாதிரி இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பூங்கோதை தன் வலது காதுக்குள் வந்து விழும் துடிப்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். துடிப்பு சிட்டுவினுடையது. சிட்டு மேஜையில் மல்லாந்து கிடந்தது, ஒன்பது வயதுப் பொமரேனியன், முடியோடு பார்த்தால் தலையணை, வயிற்றைச் சிரைத்துவிட்டுப் பார்த்தால் ஒரு கைப்பிடி உடம்பு, அந்தக் கைப்பிடிக்குள் சீழ் கட்டிய கருப்பை இடம் கொள்ளாமல் வீங்கி உட்கார்ந்திருந்தது. அதை வெளியே எடுப்பது டாக்டர் கதிர்வேலின் வேலை. எடுத்து முடிக்கிறவரைக்கும் நாயை உறங்கவும் வைத்து உயிரோடும் வைத்திருப்பது பூங்கோதையின் வேலை. மாட்டு டாக்டருக்குப் படித்துவிட்டு நாய்க்கு மயக்கம் கொடுத்துப் பிழைக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், கோயம்புத்தூரில் இத்தனூண்டு நாயைத் தைரியமாக மேஜையில் ஏற்றுகிற ஆஸ்பத்திரிகள் எத்தனை, ஏற்றினாலும் இறக்குகிற ஆட்கள் எத்தனை பேர். மூச்சுக்குழாயில் ஒரு குழாய், அதன் வழியாக ஆக்சிஜனும் ஐசோஃப்ளூரேன் என்கிற மயக்க வாயுவும் போகும். உணவுக்குழாயில் இன்னொன்று, இளநீர்க்கடை ஸ்ட்ரா கனத்துக்கு, அது இதயத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அதன் மறுமுனை நீண்டு வந்து அவளுடைய காதில் முடியும். காதுக்குள் செருகிய அச்சு, படிப்பு முடிந்த வருடம் சென்னையில் காதுமெஷின் விற்கிற கடையில் மாவு மாதிரி எதையோ காதுக்குள் அடைத்து அளவெடுத்து வார்த்தது. வலது காதுக்கு மட்டும். மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்தால் அறுக்கிறவர் இடது பக்கம் நிற்பார், ஆகவே இடது காது டாக்டருக்கு, வலது காது நாய்க்கு என்று அன்றைக்கே பங்கு பிரித்தாயிற்று.

முதலில் நன்றாகத்தான் கேட்டது. கதிர்வேல் கத்தியை வைத்தபோது நம் வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. கருப்பையின் ஒரு கிளையை அவர் முடிச்சுப் போட ஆரம்பித்தபோது பக்கத்து வீட்டுக் கதவு. இப்போது எதிர்வரிசையில் ஏதோ ஒரு கதவு, யாரையோ கூப்பிடுகிறார்கள், நம்மை இல்லை. துடிப்பின் சத்தம் தேய்ந்தால் இரத்த அழுத்தம் இறங்குகிறது என்று அர்த்தம், சின்ன நாய்களில் மெஷின் சொல்வதற்கு முன்னால் காது சொல்லிவிடும், மெஷினை நம்பாதீர்கள் காதை நம்புங்கள் என்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் அவளே எத்தனை முறை நீட்டி முழக்கியிருக்கிறாள். கேட்கிறவளுடைய காதைப் பற்றி அந்தப் பாடத்தில் ஒரு வரி கிடையாது. யாரும் கேட்டதும் கிடையாது. பொங்கல் கழிந்த ஒரு காலையில் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள், அலாரம் அடிக்கவே இல்லை, குளித்துவிட்டு வந்த புருஷன் ராஜமாணிக்கம், தெருவுக்கே கேக்குது, அணைக்கக் கூடாதா என்று கத்தினார். தலையைத் தூக்கினாள், அலாரம் காதைப் பிளந்தது. தலையை வைத்தாள், தூரத்தில் கொசு ரீங்கரித்தது. தூக்கினாள், வைத்தாள். இரண்டு மூன்று தடவை, ஏதோ புது விளையாட்டு கண்டுபிடித்த குழந்தை மாதிரி. அதன்பிறகுதான் இது விளையாட்டில்லை என்று உறைத்தது. சளி என்று சொல்லிக்கொண்டாள். அழுக்கு என்று சொல்லிக்கொண்டாள், எண்ணெய் விட்டாள். மாசி போயிற்று, பங்குனி போயிற்று, காது டாக்டரிடம் போகவில்லை. போனால் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, கேட்டால் பொத்தானை அழுத்துங்கம்மா என்பார்கள், அவள் அழுத்தாமல் உட்கார்ந்திருப்பதை வெளியிலிருந்து ஒரு பெண் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பெண்ணின் முகத்தை நினைத்துத்தான் போகவில்லை. ஆக, இப்போது தேய்கிறது எது. சிட்டுவா, காதா.

“எண்ணூறு அடி போயிட்டமுங்க மேடம், வெறும் புகைதான் வருது,” என்றார் கதிர்வேல், கை முடிச்சில் இருக்க வாய் அன்னூர்ப் பக்கம் வாங்கிப்போட்ட இடத்தில் இருந்தது. “போர்வெல்காரன் ஆயிரம் போலாங்கறான். அவனுக்கென்ன, அடிக்கு இவ்வளவுன்னு கணக்கு. நான்தான் அங்க பாதாளத்துல குடியிருக்கோணும்.” உதவிக்கு நிற்கிற பேபியம்மா சிரித்தாள், சுடுதண்ணீர் நிரப்பிய கையுறைகளைச் சிட்டுவின் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டே சிரித்தாள், இத்தனூண்டு உடம்பு மேஜைமேல் சீக்கிரம் சில்லிட்டுப் போகும், அதைச் சூடாக வைத்திருப்பது அவள் பொறுப்பு. பூங்கோதையும் சிரித்தாள். பிந்தித்தான் சிரித்தாள், மற்றவர்கள் முடித்த பிறகு. அது அவளுக்கே தெரிந்தது, அது அப்பாவின் சிரிப்பு. பத்திர ஆபீசில் எழுத்தராக இருந்த மனுஷன், ஐம்பத்தைந்தில் காது போய், எல்லாரும் சிரிப்பதைப் பார்த்துவிட்டுத் தானும் சிரிப்பார், எதற்கென்று தெரியாமல், வாய் கொஞ்சம் அதிகமாகவே திறந்து. வீட்டில் யாரும் அவரிடம் பேசுவதை நிறுத்தவில்லை, கத்தினார்கள், அவ்வளவுதான். சாப்பிட வாங்க என்பதையும் கத்தித்தான் சொன்னார்கள், உங்கள் தங்கச்சி செத்துப்போயிட்டாங்க என்பதையும் கத்தித்தான் சொன்னார்கள். நல்ல மனுஷன் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டில் ஒரு சாமான் ஆனார். அவளும் கத்தினாள், அவள் குரல்தான் எல்லாரையும்விட எரிச்சலாக இருந்தது. சரி, அப்பா கிடக்கட்டும். துடிப்பு எங்கே. இருக்கிறது. இதோ. இதோ. இப்போது வந்ததா, வந்தது என்று நான் வைத்துக்கொண்டேனா.

மெஷினைப் பார்க்கலாம். பார்த்தாள். பச்சைக் கோடு ஒழுங்காக ஏறி இறங்கியது, நிமிஷத்துக்கு நூற்றுப் பதினெட்டு என்றது, நல்ல எண்தான், ஆனால் அது இதயத்தில் கரண்டு ஓடுவதைத்தான் காட்டும், மோட்டார் ஓடுகிற சத்தம் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று சொல்லுமா. நாக்கில் மாட்டிய கிளிப் ஆக்சிஜன் தொண்ணூற்றேழு என்றது, அந்தக் கிளிப் நாக்கு காய்ந்தாலே பொய் சொல்லும், ஈரப்பஞ்சால் நாக்கைத் துடைத்து மறுபடி மாட்டினாள், தொண்ணூற்றாறு, பிறகு கோடு, பிறகு தொண்ணூற்றேழு. அழுத்தம் எடுக்கும் பட்டை இருப்பதிலேயே சின்னது, சிட்டுவின் முன்காலுக்கு அதுவும் வேட்டி, ஊதியது, இறங்கியது, எண் வரவேண்டிய இடத்தில் இரண்டு கோடு போட்டுவிட்டுச் சும்மா இருந்தது, சின்ன நாய்களுக்கு அது என்றைக்குமே அப்படித்தான். மூச்சில் வெளியேறும் காற்றை அளக்கிற பெட்டி ரிப்பேருக்குப் போனது போனதுதான். ஈறை விரலால் அழுத்தி விட்டாள், வெளுத்தது, சிவப்பு திரும்பி வர நேரமாகிற மாதிரி இருந்தது, சீழ் வைத்த நாய்க்கு ஈறு வேறு எப்படி இருக்கும், அதுவும் இந்த விளக்கின் கீழே நோயில்லாத நாயின் ஈறுகூட வெளுப்பாகத்தான் தெரியும். துணிக்கு அடியில் கையை விட்டுத் தொடையின் உள்பக்கம் நாடியைத் தேடினாள். கிடைத்தது, நூல் மாதிரி ஓடியது, பிறகு அது தன் விரல்நுனியின் துடிப்போ என்று சந்தேகம் வந்தது, வந்தபிறகு அது போகவில்லை. வாயு டயலைக் கொஞ்சம் குறைத்தாள். ஐசோஃப்ளூரேன் கூடினால் அழுத்தம் இறங்கும், குறைத்துப் பார்ப்போம், குறைத்தால் யாருக்கு என்ன நஷ்டம். “மேடம், வயிறு இறுகுதுங்களே,” என்றார் கதிர்வேல், தலையைத் தூக்காமல். “உள்ள கை போகல. நல்லாத் தூங்க வைங்க.” அவள் டயலைப் பழைய இடத்துக்கே திருகினாள். அதற்கு மேலும் ஒரு மயிரிழை திருகினாள். ஏன் அந்த மயிரிழை. கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள் தயங்குவது தெரியக்கூடாதே, அதற்கு.

இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. அச்சைக் கழற்றிவிட்டுக் குழாயின் முனையை இடது காதில் வைத்தால் தீர்ந்தது. அங்கே சத்தம் தெளிவாகக் கேட்டால் நாய் நன்றாக இருக்கிறது, காது போய்விட்டது. அங்கேயும் மங்கலாகக் கேட்டால் காது இருக்கிறது, நாய் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு கை அசைவு. சளி துடைக்க மூக்குவரை போகிற தூரம்கூட இல்லை. கை மடியில் கிடந்தது. கதிர்வேல் பார்ப்பாரே, ஏன் மேடம் காதை மாத்தறீங்க என்பாரே, அவர் கேட்காவிட்டாலும் பேபியம்மா கேட்பாள், வலது காதில் என்னங்க வலியா, என்று மஞ்சள் பத்துப் போடச் சொல்வாள், சாயங்காலத்துக்குள் மருந்துக்கடைப் பையன்வரை தெரிந்துவிடும். அப்புறம் தலைமாட்டு நாற்காலி யாருடையது. ஒரு காதில் நாயையும் ஒரு காதில் டாக்டரையும் வைத்திருக்க முடியாதவளுக்கு அது எதற்கு. தடுப்பூசி போடலாம், நகம் வெட்டலாம், ரேபிஸ் முகாமில் பந்தல் போட்டு உட்காரலாம். வேறு எதிலும் அவள் கெட்டிக்காரி இல்லை. சமையல் சுமார், பேச்சு சுமார், பிள்ளை இல்லை, ஸ்கூட்டர்கூட இப்போது பயம், வலது பக்கம் வருகிற பஸ் முதுகில் இடிக்கிறபோதுதான் தெரியும் போலிருக்கிறது. இந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சின்ன ஜீவனை அந்தப்பக்கம் அனுப்பி இந்தப்பக்கம் கூட்டிவருவது ஒன்றுதான் தெரியும். குழாயைப் பேபியம்மாவிடம் கொடுத்துக் கேட்கச் சொல்லலாமே. பேபியம்மா, இதைக் கொஞ்சம் கேளு. அவள் கேட்டுவிட்டு, நல்லா டம்டம்முன்னு கேக்குதுங்களே என்று சொல்லிவிட்டால்? இரண்டாவது கிளையின் முடிச்சு முடியட்டும், பிறகு பார்க்கலாம். முடிந்தது. சரி, கருப்பையின் கழுத்தையும் கட்டி அறுக்கட்டும். சிட்டுவின் முகம் அவளுடைய முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது, கண் பாதி திறந்து, களிம்பு பூசி, நாக்கு ஒருபக்கம் கிளிப்போடு தொங்க. இந்த மயிரிழை உயிர் உன்னிடம் எதையும் கேட்கவில்லை, காதை மாற்று என்பதைத் தவிர. பயமாக இருக்கிறது. அதுதான் உண்மை, பயம், வேறு பெயர் வைக்க வேண்டாம். நாய் செத்துவிடுமோ என்று இருக்கவேண்டிய இடத்தில் எனக்குக் காது போயிருக்குமோ என்று உட்கார்ந்திருக்கிறது.

“வந்துருச்சுங்க,” என்றார் கதிர்வேல். கருப்பை தொப்பென்று தட்டில் விழுந்தது. அந்தத் தொப் இடது காதில் விழுந்த அதே நேரத்தில் வலது காதில் எதுவும் விழவில்லை, அடுத்ததும் விழவில்லை, அதற்கடுத்தது விழுந்ததா என்று தெரியவில்லை, பூங்கோதையின் கை தானாக எழுந்து அச்சைப் பிடுங்கிக் குழாயை இடது காதுக்குள் குத்தியது. அங்கேயும் இல்லை. மூச்சைப் பிடித்துக் கேட்டாள். அடி ஆழத்தில் இருந்தது, உதிர்ந்துபோகிற மாதிரி, மெலிந்து, வலது காதில் கேட்ட அதே அளவு மெலிந்து, ஒரு இழைகூடக் கூடுதல் இல்லை. அலாரத்தின் கீச்சைத் தவறவிட்ட காது இந்தத் தாழ்ந்த சத்தத்தைத் தவறவிடவில்லை. நாய்தான். அப்போது அவளுக்கு வந்தது சந்தோஷம். அதை வேறு எப்படியும் சொல்ல முடியாது. நெஞ்சிலிருந்து ஒரு கல்லை யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள், முகம்கூட மலர்ந்திருக்கும், முகமூடி இருந்தது நல்லதாயிற்று. சிட்டு செத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்து மனசுக்குள் ஒருத்தி அப்பாடா என்று காலை நீட்டி உட்கார்ந்தாள். கண் இமைக்கிற நேரம்தான். அதற்குள் வாய் கத்திவிட்டது. “சார், நிறுத்துங்க, பிரஷர் இல்ல!” டயலை மூடினாள், டிரிப்ஸை முழுக்கத் திறந்தாள், பேபியம்மா அந்த ஊசி, இல்ல, சின்ன பாட்டில், ஆமா அது, ஆக்சிஜன் பையைக் கையால் பிசைந்து பிசைந்து மூச்சை உள்ளே அனுப்பினாள், கதிர்வேல் வயிற்றுக்குள் இரண்டு விரலை வைத்துப் பெரிய இரத்தக்குழாயைத் தொட்டுவிட்டு, “ஐயோ, ஒண்ணுமே இல்லீங்க மேடம்,” என்றார், அவர் குரலில் போர்வெல் இல்லை. வா. வா சிட்டு. வந்துவிடு, நான் கூப்பிடுகிறேன், தெரிந்துதான் கூப்பிடுகிறேன், வந்துவிடு. வந்தது. முதலில் எதிர்வரிசையில் எங்கேயோ, அப்புறம் கொஞ்சம் கிட்டே. மெஷின் அப்போதுதான் விழித்துக்கொண்டு முதல் தடவையாக அழுத்தத்துக்கு ஓர் எண்ணைக் காட்டியது.

வயிற்றைத் தைத்து முடித்துக் கையுறையைக் கழற்றும்போது கதிர்வேல் அவளை ஒரு மாதிரி மரியாதையோடு பார்த்தார். “மெஷின் எல்லாஞ் சரியா இருக்குதுன்னு சொல்லீட்டு இருக்குது. உங்க காது புடிச்சுருச்சு. உங்க காதுக்கு இன்சூரன்ஸ் போடோணுமுங்க.” அவள் சரியான நேரத்தில் சிரித்தாள். சிட்டுவைப் போர்த்திக் கூண்டுக்குக் கொண்டுபோனாள், குழாய் எடுத்தாயிற்று, இருமியது, விழுங்கியது, மத்தியான வெயில் ஜன்னலில் ஏறியபோது தலையைத் தூக்கியது. பெயரைச் சொன்னதும் திரும்பியது. அப்போதுதான் அவளுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது, முகம் திரும்பிய இடத்துக்குக் கண் வரவில்லை. விரலைக் கண்ணெதிரே கொண்டுபோனாள், இமைக்கவில்லை. ஒரு பஞ்சு உருண்டையை எடுத்து அதன் மூக்குக்கு முன்னால் மேலிருந்து போட்டாள், கண் தெரிந்தால் சத்தமில்லாமல் விழுகிறதைக்கூட நாய் பார்க்காமல் இருக்காது. பஞ்சு விழுந்தது. சிட்டு எதையும் பார்க்கவில்லை. இன்னொரு பஞ்சு. இன்னொன்று. கூண்டுக்குள் அது படுத்திருந்த துணியெல்லாம் பஞ்சாயிற்று. கதிர்வேல் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார், மூளைக்கு இரத்தம் போகாத நேரத்தில் ஆனது, சில நாயிக்குத் திரும்பும், சிலதுக்குத் திரும்பாது, சீழ் விஷத்துக்கு உசுரு இருக்கறதே பெருசுங்க, அப்படியே சொல்லீருங்க என்றார். இரத்தம் போகாத நேரம். அந்த நேரம் எவ்வளவு என்று இந்தக் கட்டிடத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். ஒரு முடிச்சு, இன்னொரு முடிச்சு, கழுத்தைக் கட்டி அறுத்தது.

தனபாக்கியம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவள், கடையைப் பூட்டிவிட்டுக் காலையிலிருந்து வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், வீட்டில் அவளும் சிட்டுவும் மட்டும்தான். உள்ளே வந்து சிட்டுவை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டு பூங்கோதைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள், வலது பக்கம். பூங்கோதை முழு முகத்தையும் அவள் பக்கம் திருப்பிக்கொண்டு சொல்லவேண்டியதைச் சொன்னாள். கண் இப்போதைக்குத் தெரியவில்லை. திரும்பலாம். திரும்பாமலும் போகலாம். தனபாக்கியம் அழவில்லை, சிட்டுவின் கண்ணுக்குள் எட்டிப் பார்த்தாள், அங்கே யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கிற மாதிரி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“டாக்டர், ஒண்ணு சொல்லோணும். ராத்திரிலருந்து எதுவும் குடுக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. காத்தால கெளம்பறப்ப ஒரு ஸ்பூன் தயிருல சக்கரை போட்டுக் குடுத்துட்டனுங்க. நல்லபடியா முடிஞ்சு வரோணுமின்னு. வெறும் வாயோட எப்படீங்க அனுப்பறது? நீங்க கேட்டப்பவும் இல்லீன்னு பொய் சொன்னேன். அதனாலதானுங்களா? என்ற கையாலயே நான் இதைக் குருடாக்கிப் போட்டனுங்களா?”

ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், தலையைக்கூட ஆட்ட வேண்டாம், இந்தப் பெண்பிள்ளை அந்த ஒரு ஸ்பூன் தயிரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள், நாயைச் சுவரில் முட்டாமல் கழுத்துவாரைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நடக்கும் ஒவ்வொரு நாளும் அதை நினைத்துக்கொள்வாள், கதிர்வேல் காதுக்கு இன்சூரன்ஸ் போடச் சொல்வார், நாற்காலி தலைமாட்டிலேயே இருக்கும். எவ்வளவு சுலபம். சுலபமாக இருந்ததுதான் பூங்கோதைக்கு அருவருப்பாக இருந்தது, மேஜைக்குப் பக்கத்தில் வந்த சந்தோஷத்தின் வாடை இதிலும் அடித்தது.

“அதனால இல்லீங்க,” என்றாள். “தயிருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க.”

தனபாக்கியம் நிமிர்ந்தாள். முகத்தில் ஒரு சுமை இறங்கியது, இறங்கிய இடத்தில் கேள்வி ஏறியது.

“பின்ன எதனாலங்க?”

“எனக்கு வலது காது சரியாக் கேக்காதுங்க,” என்றாள் பூங்கோதை.

சொல்லியாயிற்று. ராஜமாணிக்கத்திடம் சொல்லாதது, கதிர்வேலிடம் சொல்லாதது, தனக்குத்தானே வாய்விட்டுச் சொல்லாதது. அடுத்து வரப்போவதற்காக அவள் காத்திருந்தாள், நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. தனபாக்கியம் அவளைப் பார்த்தாள். ஐயோ பாவம் என்கிற ஒரு பார்வை, அதில் கோபமே இல்லை. சிட்டுவைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்தாள், நாற்காலியைச் சுற்றிக்கொண்டு பூங்கோதையின் இடது பக்கம் வந்தாள், குனிந்து, வாயை அந்தக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, வராண்டாவுக்கே கேட்கும்படி கத்திக் கேட்டாள்.

“பின்ன எதனாலங்க டாக்டர்?”